கூடு அடிக்கக் கொடுத்திருக்கும் வீட்டாருக்கு



நாய்க்குட்டி வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்குவதென்று முடிவெடுத்து வெல்டிங் கடையில் கூட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இணுவில், நெல்லியடி, சாவகச்சேரி என்று எந்தப் பக்கம் போனாலும் புதிதாகக் கட்டிய வீடுகளின் பின்வளவில் அந்தக் கூடு நிற்கிறது. நாலடிக்கு நாலடி. சுற்றிவரக் கம்பிவலை, மேலே தகரம், கீழே சீமெந்து. மதிலோரமாக, கிணற்றடிக்கும் அப்பால், வீட்டு ஆட்களின் கண் படாத மூலையில் இருக்கும். உள்ளே ஒரு ஜேர்மன் செப்பேட் அல்லது ரொட்வைலர். விடிந்தது முதல் பொழுதுபடும் வரை அது உள்ளே. இரவு கேற் பூட்டியபிறகு வெளியே. கேற்றில் ‘கடிநாய் கவனம்’ என்று பலகை.

அந்தக் கூட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கூட்டை வைக்கிற இடத்தையும் அதன் கதவைப் பூட்டுகிற நேரத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்க வந்தேன். இந்த இரண்டும் மாறினால் உங்கள் குட்டி வேறொரு நாயாக வளரும்.

ஏன் கூடு அடிக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். களவுப் பயம். காவலுக்கு ஒரு நாய் வேண்டும், ஆனால் முப்பது கிலோ நாயை இழுத்துப் பிடிக்க வயதுபோன கைக்கு வலு காணாது. சாமியறைக்குள்ளும் குசினிக்குள்ளும் நாய் வரக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களைக் கடித்துவிட்டால் ஆஸ்பத்திரி, ஊசி, அயலோடு மனஸ்தாபம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே மருந்தாகக் கூடு தெரிகிறது. குட்டியைக் கொண்டுவந்த அன்றே உள்ளே விட்டால் இரண்டு நாள் கத்தும், பிறகு பழகிவிடும் என்று தெரிந்தவர்களும் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு நாள் கத்திவிட்டு அது ஓய்வது உண்மைதான். கத்தியும் ஒருவரும் வரவில்லை என்று கண்டபின் எந்தக் குட்டியும் ஓயும். அந்த ஓய்வைப் பார்த்து நாம் நிம்மதியடைகிறோம். அந்த நாள்களில்தான் குட்டிக்குள் பெரிய கேடு நடக்கிறது.

நம்மூரில் குட்டியை ஆறு, ஏழு கிழமையிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டுக் கிழமைக்கு முன்னர் பிரிக்கவே கூடாது. அதைக் குட்டி விற்கிறவர்களிடம் கறாராகச் சொல்லிவைக்க வேண்டும். மூன்றாம் கிழமை தொடங்கி ஏறக்குறைய 14 ஆம் கிழமை வரை ஒரு குட்டி தன் உலகத்தில் யார் யார் இருப்பார்கள் என்று படித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மேன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில், உயர்ந்த வேலி அடைத்த ஒரு வெளியில் குட்டிகளை மனிதர் முகம் காணாமல் வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு கிழமை மட்டும் வெளியே எடுத்துப் பழகிப் பார்த்தார்கள். 1961 இல் அதன் முடிவு வெளிவந்தது. 14 கிழமை வரை ஆள் காணாத குட்டிகள் பிறகு எவ்வளவு பாடுபட்டும் மனிதரோடு ஒட்டவில்லை. அதே ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஜோன் போல் ஸ்கொட்டும் ஜோன் ஃபுல்லரும் 1965 இல் எழுதிய நூலை இன்றும் நாய் பழக்குகிறவர்கள் எடுத்துப் பேசுகிறார்கள்.

உங்கள் குட்டி ஆள் காணாமல் வளர்வதில்லை. காலையும் மாலையும் சோறு வைக்க ஒருவர் போகிறீர்கள். ஆனால் அந்த ஒருவரைத் தவிர அது யாரைக் காண்கிறது? பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன், பால் எடுக்க வருகிற ஆச்சி, ஓட்டோச் சத்தம், குடை பிடித்துக்கொண்டு வருகிறவர், தலைக்கவசத்தோடு நிற்கிற தம்பி, இவையெல்லாம் முன்வளவில் நடக்கின்றன. பின்வளவு மூலையில் இருக்கிற குட்டிக்கு அத்தனையும் சத்தமாக மட்டும் வந்துசேரும். எட்டு மாதத்தில் அது வளர்ந்து, ஒருநாள் கூடு சரியாகப் பூட்டாமல் வெளியே வந்தால், எதிர்ப்படுகிற ஒவ்வொரு ஆளும் அதற்குப் புது ஆபத்து. அதற்குக் கடிக்கத்தான் தெரியும்.

காவலுக்கும் இந்த வளர்ப்பு உதவாது. கூட்டில் அடைபட்ட நாய் காகத்துக்கும் குரைக்கும், பூனைக்கும் குரைக்கும், தேங்காய் விழுந்தாலும் குரைக்கும். நாளாக நாளாக வீட்டார் யாரும் எழும்பிப் பார்ப்பதில்லை. வீட்டு ஆட்களோடு கூடி வளர்ந்த நாய்க்கு யார் வழமையாக வருகிறவர், யார் புதியவர் என்று தெரியும். அது குரைத்தால் விளக்கைப் போட்டு எழும்பிப் பார்க்க ஒரு காரணம் இருக்கும்.

ஆகவே முதல் வேண்டுகோள்: கூட்டை விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்குள் நாயா என்று அம்மாமார் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். விறாந்தையின் ஒரு அந்தத்தில், சுவரோரமாக, சின்னதாக ஒரு கூடு. குட்டி உங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு கீரை ஆயலாம். சாமியறைக்கும் அது போகாது, குசினிக்கும் போகாது. ஆசாரம் பார்க்கிற வீட்டுக்குக்கூட இது ஒத்துவரும். அவிழ்த்துவிட்ட குட்டி வீடு முழுக்க ஓடித் திரிவதைவிட இது சுலபம். வெல்டிங் கடையில் அடிப்பதானால் அளவை மாற்றிக் கொடுங்கள். வளர்ந்த நாய் தலை குனியாமல் நிற்கவும், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். குட்டிக்கு அது பெரிதாக இருக்கும். பெரிய இடம் கிடைத்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் சலம் போகும். அதனால் நடுவில் ஒரு பலகையை வைத்துத் தடுத்து, வளர வளரத் தள்ளிக்கொடுங்கள். அடிப்பாகத்துக்குக் கம்பிவலை போட விடாதீர்கள், பாதம் நொந்துபோகும்; பலகை போட்டு, மேலே பழைய சாறத்தையோ சாக்கையோ மடித்து விரியுங்கள். கம்பி இடைவெளிக்குள் குட்டியின் தலை நுழையக்கூடாது. ஒட்டிய முனைகளை அரத்தால் தேய்த்துத்தரச் சொல்லுங்கள். குட்டியை உள்ளே விடும்போது கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டி இறுகிய சம்பவங்கள் உண்டு. காசு இல்லையென்றால் பலகைப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டினாலும் சரி. குட்டிக்கு விலை தெரியாது.

அடுத்து, பழக்குகிற விதம். இதில்தான் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

கூட்டின் கதவைத் திறந்து, திரும்ப ஆடிச் சாத்தாதபடி ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள். அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி, முதலில் வாசலில் ஒன்று, கொஞ்சம் உள்ளே ஒன்று. எங்கள் விறாந்தையில் கடைசியாக வளர்ந்த குட்டி, முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்னங்கால்களை வெளியே ஊன்றி, உடம்பை நீட்டு நீட்டென்று நீட்டி ஈரலை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே வெளியே ஓடிவிடும். வெளியே நின்று மென்று விழுங்கிவிட்டுக் கூட்டை ஒருதரம் பார்க்கும், என்னை ஒருதரம் பார்க்கும். நான் தள்ளவும் இல்லை, கதவில் கை வைக்கவும் இல்லை. சில நாளில் பின்னங்காலும் உள்ளே வந்தது. பிறகு ஒரு மத்தியானம், யாரும் கூப்பிடாமல், தானே உள்ளே போய் வாசல் சட்டத்தில் நாடியை வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்துகிற பேச்சு.

சோற்றுக் கோப்பையை உள்ளே வையுங்கள். அது சாப்பிடும்போது கதவைச் சாத்தி, சாப்பிட்டு முடிக்கு முன்னரே திறந்துவிடுங்கள். அடுத்தமுறை சாப்பிட்டு முடித்து ஒரு நிமிடம். பிறகு ஐந்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் கதிரையில் இருந்தபடி. பிறகு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்வருகிற நேரம். குட்டி சிணுங்கினால் நீங்கள் வேகமாகப் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு படி இறங்கித் திரும்பத் தொடங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தண்டனையாக உள்ளே போட்டுப் பூட்டாதீர்கள். செருப்பைக் கடித்ததற்காக ஒருதரம் இழுத்துப்போய் அடைத்தால், இரண்டு கிழமை ஈரல் கொடுத்துச் சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு நொடியில் போய்விடும். பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் வேண்டும்: குட்டி கூட்டுக்குள் இருக்கும்போது யாரும் கை விடக்கூடாது, கம்பியைத் தட்டக்கூடாது, இழுத்து வெளியே எடுக்கக்கூடாது. அது குட்டியின் இடம்.

சலம், மலம் பழக்குவதற்குக் கூடு நல்ல உதவி. படுக்கிற இடத்தை அழுக்காக்க நாய் விரும்பாது. அந்தக் குணத்தை வைத்துத்தான் இந்த முறை நடக்கிறது. நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஒரே இடத்துக்கு, முருங்கையடியோ வேலியோரமோ, போங்கள். போனதும் ஒரு வார்த்தை சொல்லித் தடவுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். அமோனியா மணமுள்ள கழுவுதிரவம் சலத்தின் மணத்தை ஒத்திருப்பதால் அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கும். பாலும் பாணும் கொடுத்து வளர்க்கிற வீடுகளில் வயிறு இளகி, குட்டியால் அடக்கமுடியாமல் போவதும் உண்டு. அப்போது குற்றம் கோப்பையில்.

இரவில் முதல் சில நாள்களுக்குக் கூடு யாராவது படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நேற்றுவரை தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்த சீவன். அழுதால் எழும்பி, விளக்கைப் போடாமல், பேச்சுக்கொடுக்காமல், முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சலம் போகவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். கூட்டின் மேல் நுளம்பு வலை ஒன்றைப் போட மறக்கவேண்டாம்.

எத்தனை மணித்தியாலம் பூட்டலாம் என்று கேட்பீர்கள். குட்டியின் மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணித்தியாலம் உச்ச எல்லை என்று பழக்குகிறவர்கள் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று. பகலில் நான் அதையும் பாதியாக்கச் சொல்வேன். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை குட்டியைப் பூட்டிவைப்பதற்கு எந்தப் பயிற்சிப் பெயரும் பொருந்தாது. அப்படியான வீட்டார், மத்தியானம் வந்து திறந்துவிட ஓர் ஆளைத் தேடிக்கொண்ட பிறகு குட்டியை வாங்குங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்புகிற வீடியோக்களில், நாய்க்குக் குகைபோன்ற இடம் பிறவியிலேயே பிடிக்கும், அதனால் பூட்டலாம் என்று சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓநாய்கூடக் குட்டி போட்ட காலத்தில் மட்டும்தான் குழிக்குள் இருக்கும். குட்டிகள் இரண்டு மாதமளவு வளர்ந்தபின் வெளியில்தான் வாழ்க்கை. அந்தக் குழிக்குக் கதவும் கிடையாது. சுவீடனில் நாயை வீட்டில் பூட்டிய கூட்டுக்குள் வைத்திருக்கச் சட்டம் இடம்தருவதில்லை; பயணம், கண்காட்சி, வேட்டை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பின்லாந்திலும் ஏறத்தாழ அதே கதை. அமெரிக்காவிலோ கூடு இல்லாமல் குட்டி வளர்ப்பதையே பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கத்திலும் நல்ல நாய்கள் வளர்கின்றன. சில நாய்களுக்குப் பூட்டிய கதவு தாங்கமுடியாத பயத்தைக் கொடுக்கும். கம்பியைக் கடித்துப் பல்லை உடைக்கும், நகம் பிய்ந்து இரத்தம் வரும்வரை பிராண்டும், வாயால் நீர் வடியும். உங்கள் நாய் அப்படியென்றால் கூட்டை விட்டுவிடுங்கள். விறாந்தைக்குக் குறுக்கே அரைக்கதவு ஒன்று போட்டால் அதற்குப் போதும்.

இனி வெயில். நம்மூருக்கென்று தனியாக எழுதவேண்டியது இதுதான்.

சித்திரை நடுப்பகுதியில், புத்தாண்டை ஒட்டி, சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வரும். அந்த நாள்களில் தகரத்தின் கீழ் நிழல் இருக்கும், குளிர்மை இருக்காது. நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் காய்வதால்தான் சூட்டைத் தணிக்கிறது. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. நாயின் உடல்வெப்பம் இயல்பாகவே 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41 ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பலமாக இரைத்து, எச்சில் கட்டியாகி, முரசு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால், கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, ஃபானைப் போட்டு, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மூக்குச் சப்பையான பக் போன்ற சாதிகளுக்கு இது இன்னும் வேகமாக வரும். சைபீரியன் ஹஸ்கியை வாங்கிப் பின்வளவில் தகரக் கூட்டில் விடுகிறவர்களை என்னால் மன்னிக்கமுடியவில்லை.

சீமெந்துக் கூட்டுக்கு இன்னொரு வினை உண்ணி. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் தரை மூட்டிலும் ஒளித்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு நீங்கள் எத்தனை மருந்து போட்டாலும், அதே மூலையில் அதே நாய் நாள் முழுக்கப் படுத்திருந்தால், பொரித்து வருகிற குஞ்சு உண்ணிக்குத் தேடி அலைய வேண்டியதே இல்லை. உண்ணிக் காய்ச்சலில் முரசு வெளிறி, சாப்பாட்டை வெறுத்து, சோர்ந்துபோகிற நாய்கள் இங்கே ஏராளம். கழற்றி வெயிலில் காயவைத்துக் கழுவக்கூடிய சின்னக் கூட்டில் இந்தத் தொல்லை குறைவு.

தடுப்பூசி முடியுமுன் குட்டியைத் தெருவில் இறக்கவேண்டாம் என்று வைத்தியர் சொல்வார். பாவோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அது சரி. ஆனால் தெருவில் இறக்காமலிருப்பது வேறு, உலகத்தைக் காட்டாமலிருப்பது வேறு. கையில் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனைவரை போய்வாருங்கள். விறாந்தைக் கூட்டில் இருந்தபடியே வருகிறவர் போகிறவரை அது பார்க்கட்டும். விசர்நாய் ஊசியை வைத்தியர் குறிக்கிற நாளில் தவறாமல் போடுங்கள். நாயைப் பதிவுசெய்யவேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. உங்கள் உள்ளூராட்சி சபையில் அதையும் செய்துவிடுங்கள். மிருகவதைக்கு எதிரான சட்டம் 1907 இல் வந்தது. அதில் எழுதிய தண்டப்பணம் நூறு ரூபாய். பின்வளவில் அடைபட்ட நாயைச் சட்டம் வந்து காப்பாற்றும் என்று நம்பியிருக்கமுடியாது.

கூட்டைத் தன் இடமாக ஏற்றுக்கொண்ட நாய்க்கு என்ன நன்மை என்று கேட்டால், தீபாவளி இரவைச் சொல்வேன். வெடிச்சத்தத்துக்குப் பயந்து மதில் பாய்ந்து, தெரியாத தெருவில் வாகனத்தில் அடிபட்ட நாய்களை அடுத்தநாள் காலையில் காண்கிறோம். நல்லூர்க் கோயிலில் கொடியேறி 25 நாளும் அயல் ஒழுங்கைகளில் இருக்கிற நாய்களுக்கு இதே பாடு. கூட்டுக்கு மேலே தடித்த துணியைப் போட்டு, ஒரு பக்கம் காற்றுக்கு விட்டு, கதவைத் திறந்து வைத்தால், பழகிய நாய் தானே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் ஓடிப்பாயாமல் வைத்திருக்கச் சொல்வார்கள், அதற்கும் கைகொடுக்கும். வைத்தியரிடம் உரப்பையில் கட்டிக் கொண்டுபோக வேண்டியிராது.

மாரியையும் நினையுங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல், 2020 மார்கழியில் புரெவி. இரண்டிலும் குடாநாட்டில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்து சனம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. பூட்டிய இரும்புக் கூடு வளவின் பள்ளமான மூலையில் நின்றால், தண்ணீர் ஏறுகிற இரவில் அதற்குள் இருக்கிற நாய்க்கு வேறு வழி கிடையாது. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தபோதும், நாயையும் மாட்டையும் விட்டுவிட்டே போகவேண்டியிருந்தது. அன்றைக்குக் கையில் குழந்தையையும் பையையும் தவிர எதையும் தூக்கமுடியாது. யாரையும் யாரும் குறைசொல்லமுடியாது. இன்று நமக்கு ஆயத்தப்பட அவகாசம் இருக்கிறது. கூட்டில் அமைதியாக இருக்கத் தெரிந்த நாயை ஓட்டோவிலோ லான்ட்மாஸ்டரிலோ ஏற்றிக்கொண்டு போகலாம்; போகிற இடத்திலும் மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வைத்திருக்கலாம்.

ஏற்கெனவே பின்வளவில் கூடு கட்டி, நாயும் வளர்ந்துவிட்டவர்களுக்கு: உங்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். இந்தக் கிழமையே தகரத்துக்கு மேலே கிடுகு வேயுங்கள். தண்ணீர்க் கோப்பையைக் கவிழாதபடி கம்பியில் கட்டி, ஒரு நாளைக்கு மூன்றுதரம் மாற்றுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம், கயிற்றில் பிடித்துக்கொண்டு வளவுக்குள்ளாவது நடத்துங்கள். பிடிக்கப் பயமாக இருந்தால் பழக்கத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். முன்வாசல் தெரிகிற பக்கத்துக்குக் கூட்டை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். வளர்ந்த நாய்க்கும் ஈரல்துண்டு வேலைசெய்யும். குட்டியைவிட நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கூடு அடித்துத் தருகிற வெல்டிங் கடைத் தம்பிமாரே, உங்களிடமும் ஒன்று. அளவு கேட்கும்போது, கூட்டை எங்கே வைக்கப்போகிறீர்கள், மத்தியான வெயில் எந்தப் பக்கம் விழும் என்றும் கேளுங்கள். கதவை முழுதாக மடித்துத் திறந்து வைக்கக்கூடிய பிணைச்சல் போடுங்கள். தூக்கி இடம் மாற்ற இரண்டு பக்கமும் கைபிடி வையுங்கள். பூட்டுக் கொழுவியை அவர்களாகக் கேட்டால் மட்டும் ஒட்டிக்கொடுங்கள்.

அன்புடன்,
வலிகாமத்திலிருந்து நாய் வளர்க்கும் ஓர் அயலவன்